காணாமல் போன ஊசிமுனை

தொழிற்சாலையில் அவளை எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். குழந்தைகளுக்கு உடை தைக்கிற இடம் அது. காலை எட்டரைக்கு இருநூறு தையல் மிஷின்கள் ஒரே கூரையின் கீழ் ஓடத் தொடங்கினால், சாப்பாட்டு மணி அடிக்கும்வரை பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது. அந்த இரைச்சலுக்கு நடுவே கண்ணாடித் தடுப்பு போட்ட ஒரு சின்ன அறை அவளுடையது. மிஷினில் ஊசி உடைந்தால் அவளிடம்தான் வர வேண்டும். உடைந்த துண்டுகள் அத்தனையும் கொடுத்தால்தான் புது ஊசி. துண்டுகளை நோட்டில் வரிசையாக வைத்து, பக்கத்தில் ஒரு முழு ஊசியை வைத்து நீளம் சரியாக வருகிறதா என்று பார்த்து, மேலே செல்லோடேப் ஒட்டி, தேதி போட்டுக் கையெழுத்து வாங்குவாள். ஒரு துணுக்கு குறைந்தாலும் அந்த மிஷின் நின்றுவிடும். பச்சைக் குழந்தை போடப்போகிற சட்டையில் உடைந்த ஊசி இருந்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

வேலையில் அவள் புலி. கல்யாணத்துக்கு முன்பே அப்படித்தான். அவள் கணவன் மைக்செட்காரன். கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி கட்டுவான், மற்ற நாளில் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து பழைய ஸ்பீக்கர்களைப் பழுது பார்ப்பான். தன் சாமான்களையே எங்கே வைத்தோம் என்று தெரியாமல் தேடுகிற ஆள். இப்படி ஒருத்தி தனக்கு வாய்த்ததில் அவனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அவள் நான்கு மாதக் கர்ப்பமாக இருந்தபோது அது நடந்தது. ஒரு மதியம் நான்காவது வரிசையிலிருந்து ஓர் உடைந்த ஊசி வந்தது. இரண்டு துண்டு. ஒப்பிட்டுப் பார்த்தால் முனையைக் காணோம். அரிசிமணியில் பாதிகூட இருக்காது. ஆள்கள் முழங்காலிட்டுத் தரையைத் தடவினார்கள், மிஷினைப் பிரித்துப் போட்டார்கள், தைத்த நூற்றிருபது சட்டைகளையும் மூன்று முறை உலோகம் காட்டும் கருவிக்குள் விட்டு எடுத்தார்கள். கிடைக்கவில்லை. விதிப்படி நூற்றிருபதையும் கத்தரித்துக் குப்பைக்கு அனுப்பியாயிற்று. சூப்பர்வைசர், "விடும்மா, ஏதாவது இடுக்குல விழுந்து தொலஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். எல்லோரும் விட்டுவிட்டார்கள். அவளால் மட்டும் விட முடியவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏங்க, அது என் துணியில ஒட்டிக்கிட்டு வந்திருக்குமோ?"

"அதுக்குக் காலா இருக்கு? உள்ள வா."

சிரித்துக்கொண்டு உள்ளே வந்தாள். பத்து நிமிடத்தில் மறுபடி கேட்டாள். அப்புறம் சாப்பிடும்போது கேட்டாள். மைக்செட்காரனுக்கு ஒரு யோசனை தோன்றியது. கருகிப்போன பெரிய ஸ்பீக்கர் ஒன்றிலிருந்து காந்தத்தைக் கழற்றினான். வட்டமாக, கையில் எடுத்தால் கனக்கிற காந்தம். மெல்லிய துணியில் சுற்றி, அவள் தோள் முதல் கால்வரை மெதுவாகத் தடவிக்கொண்டே வந்து, துணியைப் பிரித்து வெளிச்சத்தில் காட்டினான். "பாரு, ஒண்ணுமே இல்ல. நிம்மதியாத் தூங்கு" என்றான். அவள் முகம் அப்படியே தெளிந்துவிட்டது. உலகத்தில் இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று அவன் மார்தட்டிக்கொள்ளாத குறைதான்.

மறுநாள் அவளே கேட்டாள். அதற்கு மறுநாளும். வேலையிலிருந்து வந்ததும் ஒரு முறை என்றிருந்தது, குழந்தை பிறந்தபின் மூன்று முறை ஆயிற்று. தையலோரம் தனியாக, கழுத்துப்பட்டி தனியாக, தலைமுடி தனியாக. பிறகு குழந்தையின் சட்டைகள், போர்வை, தொட்டில், தரை. எங்கேயாவது ஓரிடத்தில் காந்தம் படாமல் போயிருக்குமோ என்று ஒரு சந்தேகம் வந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இரண்டு வருடத்தில் சாயங்காலம் முழுவதையும் அது விழுங்கிவிட்டது. ஐந்தரைக்கு வாசலில் நிற்கிறவள் உள்ளே வந்து உட்கார எட்டு மணி ஆகும்.

மாடியில் குடியிருக்கிற அவள் தங்கைதான் பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்வாள். வாய்த்துடுக்கு அதிகம். "என்ன மாமா, ஏர்போர்ட்டுலகூட இப்படித் தடவ மாட்டாங்க போலிருக்கே" என்பாள். மூன்று பேரும் சிரிப்பார்கள். அவளும்தான் சிரிப்பாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது மைக்செட்காரனுக்குத் தன்னையே அறைந்துகொள்ளத் தோன்றும்.

தொழிற்சாலையிலோ அவளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். மூன்று வருடம், ஒரு புகார் கிடையாது. மேலாளர் கையால் கேடயம் கொடுத்து, அவள் படத்தைப் பெரிதாக்கி நுழைவாசலில் மாட்டினார்கள். கேடயத்தை வாங்கிக்கொண்டு வந்தவள் அதை வீட்டுக்குள் கொண்டுவரவில்லை. அது உலோகம் என்றாள்.

குழந்தைக்கு மூன்றரை வயதானபோது நிலைமை இதுதான்: தாய் மகளைத் தூக்க வேண்டுமானால் முதலில் குளிக்க வேண்டும், காந்தம் மூன்று முறை போக வேண்டும், உடை மாற்ற வேண்டும், பிறகு குழந்தைக்கும் காந்தம். அத்தனையும் முடிந்து தூக்கினால் மனதுக்குள் முப்பது எண்ணுவாள், இறக்கி விட்டுவிடுவாள். கடைசி நான்கு மாதமாக அந்த முப்பதும் இல்லை. தூரத்திலிருந்து பேசுவாள், சிரிப்பாள், கதை சொல்வாள். கைக்கு எட்டாத தூரத்திலேயே இருந்தாள். வளரட்டும், சரியாகிவிடும் என்று மைக்செட்காரன் நினைத்தான். எது வளரட்டும் என்று அவன் யோசிக்கவில்லை.

ஒரு ஞாயிறு காலை அவன் ஸ்பீக்கர் ஒயர்களை ஈயத்தால் பற்றவைக்கிற சாலிடரிங் கம்பியோடு உட்கார்ந்திருந்தான். மகள் தரையில் பொம்மையோடு விளையாடிக்கொண்டிருந்தாள். பொம்மையை நிற்க வைத்தாள். ஒரு ஸ்பூனை எடுத்து அதன் தலையிலிருந்து கால்வரை மெதுவாகத் தடவினாள். திருப்பி முதுகுப் பக்கம் தடவினாள். ஸ்பூனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து தடவினாள்.

"என்ன பாப்பா பண்ற?"

"பாப்பாவத் தூக்கப் போறேன்ப்பா."

"தூக்கேன், அதுக்கென்ன?"

குழந்தை பொம்மையைப் பார்த்தாள், ஸ்பூனைப் பார்த்தாள். "இன்னும் சரியாகல" என்று சொல்லிப் பொம்மையை ஓர் ஓரமாகப் படுக்க வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அவன் கையிலிருந்து சாலிடரிங் கம்பி நழுவியது. சூடான கம்பி மேசையில் உருண்டு மரம் கருகுகிற வாசனை வந்த பிறகுதான் கையில் உணர்வு வந்தது. மனைவியிடம் அதைச் சொன்னான்.  அவள் அழவில்லை. எழுந்து போய் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த வாரமே மனநல டாக்டரிடம் போனார்கள். பெரிய மருத்துவமனையின் இரண்டாவது மாடி, பிளாஸ்டிக் நாற்காலிகள், மேசை நிறையக் காகிதங்கள். டாக்டர் ஐம்பது வயதுப் பெண்மணி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்துக்கொண்டு பேசுகிறவர். அவள் சொல்வதை முக்கால் மணி நேரம் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"எனக்குத் தெரியும் டாக்டர்" என்றாள் அவள். "துணியில ஊசி இல்லன்னு எனக்கு நல்லாத் தெரியும். ஆனா தெரிஞ்சது உள்ள போய்ச் சேர மாட்டேங்குது. இல்ல இல்லன்னு நூறு தடவ சொல்லிக்கிட்டாலும், ஒருவேள இருந்துட்டா? அவ முழுங்கிட்டா? நான்தானே கொன்னவ ஆவேன்?"

மைக்செட்காரன் தன் பங்கைச் சொல்ல இதுதான் நேரம் என்று நினைத்தான். பையிலிருந்து காந்தத்தை எடுத்தான். "நான் கைவிடல டாக்டர். தினமும் இத வச்சுத்தான் சமாளிச்சுக்கிட்டு வரேன்" என்று மேசையில் வைத்தான். டாக்டரின் காகிதங்களில் மாட்டியிருந்த கிளிப்புகள் அவ்வளவும் சடசடவென்று அதில் வந்து ஒட்டிக்கொண்டன. கேஸ் தாள்கள் மேசையெல்லாம் கலைந்தன.

டாக்டர் கலைந்த தாள்களைப் பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார். "ஒரு நாளைக்கு எத்தன தடவ?"

"அவ கேக்குற வரைக்கும். சலிச்சுக்கிட்டதே இல்ல டாக்டர்."

"அன்பாத்தான் செஞ்சிருக்கீங்க. ஆனா இந்த நோய்க்கு வேள தவறாம சாப்பாடு போட்டு வளர்த்தது நீங்கதான்."

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோபம் வந்தது, காது இரண்டும் சூடாயிற்று. எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தான். டாக்டர் அதற்கெல்லாம் அசரவில்லை. ஒரு தாளைத் திருப்பிப் போட்டு மூளையை ஒரு முட்டைபோல வரைந்தார்.

"கண்ணுக்கு மேல, நெத்திக்குப் பின்னால இந்த இடம். ஏதோ தப்பா இருக்குன்னு சொல்றது இதோட வேல. அந்தச் செய்தி உள்ள ஆழத்துல இருக்கிற சில பகுதிகளுக்குப் போகும். தேவையில்லாதத வடிகட்டி அமுக்கறது அங்க நடக்கணும். அப்புறம் நடுவுல இருக்கிற இன்னொரு இடம் வழியா மறுபடி முன்னாடியே வரும். ஒரு வட்டம். நமக்கெல்லாம் கதவப் பூட்டினோம், பாத்தோம், அதோட அந்தச் சத்தம் அடங்கிடும். இவங்களுக்கு வடிகட்டறது சரியா நடக்கல. தப்பு தப்புன்னு சுத்திக்கிட்டே இருக்கு. முழுசா எல்லாம் தெரிஞ்சிடுச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா படம் எடுத்துப் பாத்தா இந்த வட்டம் அளவுக்கு மீறி வேல செய்றது பல பேர்கிட்டத் தெரியுது. கர்ப்பமா இருக்கும்போதும் பிரசவத்துக்கு அப்புறமும் இது தலகாட்டறது உண்டு."

"காந்தம் வச்சா அடங்குதே டாக்டர்?" என்று அவன் விடாமல் கேட்டான்.

"எவ்வளவு நேரத்துக்கு?"

"அவ மறுபடி கேக்குற வரைக்கும்" என்றான்.

"நீங்க தேடுறீங்க. பயம் கொஞ்சம் இறங்குது. மூளை என்ன கத்துக்குது? ஆபத்து நெஜம், தேடுனதாலதான் தப்பிச்சோம்னு கத்துக்குது. நாளைக்கு இன்னும் சத்தமாக் கத்தும்."

மைக்செட்காரன் அந்த முட்டைப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இது அவனுக்குத் தெரிந்த விஷயம். மைக்கை ஸ்பீக்கருக்கு முன்னால் கொண்டுபோனால் ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள் போய், பெரிதாகி வெளியே வந்து, மறுபடி உள்ளே போய், காதைக் கிழிக்கிற ஊளையாகும். அப்படி நடந்தால் எந்தக் கூட்டத்திலும் அவன் ஓடிப்போய் மைக்கை நகர்த்துவான். சொந்த வீட்டில் கிட்டத்தட்ட நான்கு வருடமாக மைக்கை ஸ்பீக்கரின் வாயிலேயே பிடித்துக்கொண்டு, சேவை செய்கிறோம் என்று பூரித்துப்போயிருந்தான்.

அன்றைக்கு அதிர்ச்சி அதோடு முடியவில்லை. "வேற ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று டாக்டர் கேட்டார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"கம்பெனி பக்கத்துல லேடீஸ் ஹாஸ்டல்ல இடம் கேட்டிருக்கேன். ஒண்ணாந்தேதி வரச் சொல்லியிருக்காங்க. நான் இல்லாம இருந்தா அவளுக்கு ஒண்ணும் ஆகாது. பொம்மையத் தூக்கவே பயப்படுறா டாக்டர். நான் அவளுக்கு அதத்தான் குடுத்திருக்கேன்."

 ஒண்ணாந்தேதிக்கு இன்னும் பதினேழு நாள்தான் இருந்தது. ஒரே வீட்டில், ஒரே அறையில், தினமும் தோள்முதல் கால்வரை காந்தத்தால் தேடியவனுக்கு இது மட்டும் கிடைக்கவில்லை.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளருகே உட்கார்ந்தார். "பன்னெண்டு வாரம் எனக்குக் குடுங்க. ஹாஸ்டலுக்கு அப்புறம் போய்க்கலாம். மாத்திரை தரேன், வேல செய்ய நாளாகும், நடுவுல நிறுத்தக்கூடாது. கூடவே பயிற்சி. பயத்துக்குப் பக்கத்துல போகணும், போயிட்டுத் தேடாம இருக்கணும். கஷ்டமா இருக்கும், பொய் சொல்ல மாட்டேன். ரெண்டுல எது குடுத்தாலும், குணமாகிறவங்கள்ல பல பேருக்கு அந்த வட்டத்தோட ஆட்டம் கொறையறதப் படத்துல பாத்திருக்காங்க."

"கம்பெனியில நான் ஊசி தேடக்கூடாதா?"

"ஊசி உடைஞ்சா அங்க தேடுறது உங்க வேல. விதி என்ன சொல்லுதோ அது, ஒரு தடவ. உடையாத ஊசிய வீட்டுல தேடுறதுதான் நோய்."

பிறகு அவன் பக்கம் திரும்பினார். "உங்களுக்கும் பயிற்சி உண்டு. அவங்க என்ன கேட்டாலும் இருக்குன்னும் சொல்லக்கூடாது, இல்லன்னும் சொல்லக்கூடாது." காந்தத்தை மேசையிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். கிளிப்புகளைப் பிடுங்கி எடுக்க டாக்டர் பட்ட பாட்டைப் பார்த்து அவள் கொஞ்சம் சிரித்தாள்.

பயங்களுக்கு மதிப்பெண் போட்டு ஒரு பட்டியல் எழுதினார்கள். வேலைக்குப் போன பையைக் குழந்தையின் அலமாரிக்குப் பக்கத்தில் வைப்பது முப்பது. துவைத்த குட்டிச் சட்டையைத் தடவாமல் மடிப்பது நாற்பத்தைந்து. வேலை உடுப்போடு கட்டிலில் உட்காருவது எழுபது. அதே உடுப்போடு மகளைத் தூக்குவது நூறு. அதற்கு மேல் எண் இல்லை என்பதால் நூறு.

முதல் வாரங்கள் நரகம். கேட்டுக் கேட்டு அவள் தொண்டை கட்டிப்போகும். "இல்லன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க, உங்களுக்கு என்ன கொறஞ்சிடும்?" என்பாள். அவன் பேச மாட்டான். "கல்லு மனசு உங்களுக்கு" என்பாள். அவன் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டு இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொள்வான். கொழுந்தியாள் ஒரு நாள் இறங்கி வந்து, "ஏன் மாமா, மைக்செட் போடறவரு நீங்களே காதப் பொத்தினா ஊர்ல மத்தவன் என்ன பண்ணுவான்?" என்றாள். சொல்லிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து அவளும் அழுதாள்.

நான்காவது வாரம் பையின் மதிப்பெண் முப்பதிலிருந்து பத்துக்கு வந்தது. குட்டிச் சட்டைகளைத் தடவிப் பார்க்காமல் மடித்தாள். அதற்குள் ஒண்ணாந்தேதி வந்து போயிருந்தது. ஹாஸ்டலிலிருந்து போன் வந்தபோது, அந்த இடத்தை இன்னும் மூன்று மாதத்துக்கு வைத்திருக்கச் சொன்னாள். மைக்செட்காரன் அதைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டான். வைத்திருக்கச் சொன்னாளே தவிர, வேண்டாம் என்று சொல்லவில்லை.

பதினோராவது வாரம், சனிக்கிழமை. தொழிற்சாலையில் அரை நாள். நூறுக்கு அன்றுதான் நாள் குறித்திருந்தார்கள். மூன்று மணிக்கு அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி, கைகால் கழுவாமல், உடுப்பில் ஒட்டியிருந்த நூல்பிசிறோடு நேராக உள்ளே வந்தாள். உதடு வெளுத்திருந்தது. அவனுடைய வேலை, ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து சும்மா இருப்பது. அவ்வளவுதான்.

"பாப்பா, வா" என்றாள்.

குழந்தை ஓடி வந்து நின்றாள். இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து, கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினாள். தன்னைத் தடவிப் பார்ப்பார்கள் என்று காத்திருந்தாள்.

"சுத்த வேண்டாம்டா" என்று குனிந்து அப்படியே அள்ளித் தூக்கினாள். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

"ஆ! குத்துதும்மா!"

மைக்செட்காரன் நாற்காலியைக் கவிழ்த்துக்கொண்டு பாய்ந்தான். குழந்தையை அவள் கையிலிருந்து பிடுங்கி ஜன்னலுக்கு ஓடினான். சட்டையைத் தூக்கி வயிறு, முதுகு, கை என்று பார்த்தான். முழங்கைக்கு மேலே ஒரு சிவப்புப் புள்ளி. கொசு கடித்ததாக இருக்கலாம், காலையில் மாடியில் விழுந்து உரசியதாக இருக்கலாம், என்னவாகவும் இருக்கலாம். அவன் சட்டையின் தையலை விரலால் நெருடினான். மடிப்பைப் பிரித்தான். மறுபடி முதலிலிருந்து நெருடினான். நெற்றியில் வேர்வை வழிந்தது. "எங்க, எங்க" என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. குழந்தை அழுவதை நிறுத்திவிட்டு அவனைப் பயத்தோடு பார்த்தாள்.

"குழந்தையக் குடுங்க" என்றாள் அவள்.

"இரு, பாத்துட்டுத் தரேன். இந்தத் தையல் மட்டும். ஒரே ஒரு தடவ."

அவள் அசையாமல் நின்றாள்.  அவள் கண் குழந்தைமேல் இல்லை, அவன் விரல்கள்மேல் இருந்தது.

"ஏங்க" என்றாள் மெல்ல. "நான் இப்படியா இருந்தேன்?"

அவன் விரல் நின்றது. தையல் இன்னும் பாதி பாக்கி இருந்தது. அந்தப் பாதியை விட்டுவிட்டுக் குழந்தையைத் திருப்பிக் கொடுப்பதற்கு அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். ஒருவேளை இருந்துவிட்டால் என்ற அந்த ஒற்றை நினைப்பு நெஞ்சைக் குடைந்தது. ஐந்து நிமிடம் தன்னால் தாங்க முடியாததை அவள் நான்கு வருடம் தனியாகச் சுமந்திருக்கிறாள் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கையை நீட்டிக் கொடுத்தான்.

அவள் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள். பல் கிட்டிக்கொண்டது. முதுகு நனைந்தது. சுவர்க்கடிகாரம் மூன்றேகால், மூன்றரை என்று போயிற்று. அவள் எண்ணவில்லை. கடிகாரத்தைப் பார்க்கவும் இல்லை. மூன்றேமுக்காலுக்கு அவள் தோள்கள் தளர்ந்தன, கன்னம் மகளின் உச்சந்தலையில் படிந்தது.

குழந்தை நெளிந்தாள். ஒரு காலை உருவினாள், பிறகு தலையை வெளியே இழுத்தாள்.

"இறக்கி விடும்மா" என்றாள் அலுத்துப்போன குரலில். "எவ்வளவு நேரம் வச்சிருப்ப? நான் மாடிக்கு விளையாடப் போகணும்."

மைக்செட்காரன் வாயைப் பொத்திக்கொண்டான். பிறந்ததிலிருந்து அந்தக் குழந்தைக்கு அம்மாவின் மடி அலுத்தது அன்றுதான் முதல் தடவை. அவள் இறக்கி விடவில்லை, இன்னும் கொஞ்ச நேரம் இரு என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள்.